ஐயா வீடு

பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது என் தலைக்கனம். பாபநாசம் வட்டாரத்தில் அன்றைக்கு லைசென்ஸ் வைத்திருந்த வயர்மேன்கள் நாலு பேர். ஒரு வீட்டுக்குப் புதிதாக மின்சாரம் வேண்டுமென்றால், உள்ளே இழுத்திருக்கிற வயர் பத்திரமாக இருக்கிறது என்று எங்களில் ஒருவன் சோதித்துச் சான்று எழுதித் தரவேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட் என்று அதற்குப் பெயர். மற்ற மூன்று பேரும் வெற்று ரிப்போர்ட்டில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு எலக்ட்ரிக் கடைகளில் கொடுத்து வைத்திருப்பார்கள். சுவிட்ச் வாங்குகிறவனுக்கு அதோடு ஒரு தாளும் கிடைக்கும், வெற்றிலையோடு பாக்கு கிடைக்கிற மாதிரி. அந்த வீட்டுக்குச் சுவர் இருக்கிறதா என்றுகூட யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள்.

நான் மட்டும் சைக்கிள் கேரியரில் மெகர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். கையால் சுற்றி வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. "பஞ்சநதத்தைக் கூப்பிட்டா பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டைச் சொல்லுவான்" என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலி என்று தெரிந்தும் எனக்கு உள்ளூர இனிக்கும்.

அந்தத் தலைக்கனம் சும்மா வந்ததில்லை. லைசென்ஸ் வாங்கிய முதல் வருஷம் நானும் ஒரு தாளில் பார்க்காமல் போட்டேன். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு வாடகை வீடு. எர்த் கம்பி சுவர்வரைக்கும் வந்து, மண்ணுக்குள் போகாமல் நின்றிருக்கிறது. வயரிங் செய்தவன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். நான் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். குடிவந்து பதினாறாம் நாள் நாகம்மாள் என்கிற பெண், வாசல் தெளித்த ஈரக்கையோடு மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியைத் தொட்டாள். இருபத்திரண்டு வயது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளில் எல்லாம் சரியாக இருந்ததால், விதி என்று சொல்லிவிட்டார்கள். விதி இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அதற்குப் பிறகு, என் கண் படாத வீட்டுக்கு என் கையெழுத்து கிடையாது என்று வைத்துக்கொண்டேன்.

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்வதற்கு இல்லை. எந்தக் குழியிலிருந்து ஏறி எந்தக் குழியில் விழுந்தேன் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

எழுபத்திரண்டில், தை அறுப்பு முடிந்த கையோடு, மேலக்காவனூர் நாகநாதன் ஐயா ஆள் அனுப்பினார். குடமுருட்டிக்கு அந்தப் பக்கம் அவருக்கு இல்லாத வயல் கிடையாது. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பாதியை மச்சினன் பேரிலும் மீதியை ஏதோ ஒரு டிரஸ்ட் பேரிலும் எழுதிவிட்டு, தனக்கு ஒன்றும் இல்லாதவர் மாதிரி ரைஸ்மில்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஊரே அவரை ஐயா என்றுதான் சொல்லும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"மில்லுக்குப் பின்னால அஞ்சு வீடு இருக்குல்ல, நம்ம ஆளுங்க இருக்கிறது. அதுக்கு லைட்டு போட்டுடுப்பா" என்றார்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. "வயல்ல வேலை செய்யிறவங்க வீட்டுக்கா ஐயா?"

"ஏன், அவங்க மனுஷங்க இல்லியா? செலவெல்லாம் என்னுது. ஆட்சி மாறிருக்கு, காலம் மாறிருக்கு. நாமளும் கொஞ்சம் மாற வேணாமா?"

மேலக்காவனூரில் அக்கிரகாரத்துக்கே அப்போதுதான் முழுசாக விளக்கு வந்திருந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். எனக்கு அன்றைக்கு அந்தப் பழமொழி வாயில் வரவில்லை. பெரிய மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய காரியக்காரர் இராஜாங்கத்தோடு போய்ப் பார்த்தேன்.

ஐந்தும் மண்சுவர், கீற்றுக் கூரை. முதல் வீடு வைரக்கண்ணு வீடு. அவன் பெண்சாதி அம்சம் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். நான் கூரையைப் பார்த்தேன். கீற்றில் வயரை ஓட்டினால் ஒரு பொறி போதும், ஐந்தும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

மில்லுக்குத் திரும்பி வந்து, "கீத்துக் கூரைக்கு நான் சர்டிபிகேட் தரமாட்டேன் ஐயா. ஓடு போடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"ஓடுதானே? போட்டுட்டாப் போச்சு."

பதினைந்து நாளில் கீற்றைப் பிரித்து, சுவரை ஒரு முழம் ஏற்றி, ஓடு வேய்ந்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். என் ஒரு வார்த்தைக்கு ஐந்து வீடு ஓட்டு வீடு ஆயிற்று என்று வீட்டில் என் மனைவி மங்களாம்பிகையிடம் பீற்றிக்கொண்டேன். அவள், "அந்த மனுஷன் அவ்வளவு நல்லவனா?" என்று மட்டும் கேட்டாள்.

வயரிங்கை நானே செய்தேன். ஒரு வீட்டுக்கு இரண்டு விளக்கு. எர்த் குழியை மட்டும் யாரிடமும் விடமாட்டேன். அம்சம் வீட்டுக் கொல்லையில், பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் தேங்குகிற இடமாகப் பார்த்து ஆளுயரத்துக்குத் தோண்டினேன். குழாயை இறக்கி, அடுப்புக்கரி ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினேன். அம்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை உப்பை மண்ணில் கொட்டுகிறவனை அவள் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டாள்.

"இந்தக் குழிதாம்மா உசுரு. வயர்ல எங்க தப்பு நடந்தாலும் கரண்டு உங்க மேல வராம இது வழியா மண்ணுக்குள்ள போயிடும். ஆனா குழி காயக் கூடாது. மழை இல்லாத நாள்ல தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும்."

"சாமிக்கு ஊத்துற மாதிரிங்களா?"

"சாமி கோவிச்சாலும் மன்னிக்கும். கரண்டு மன்னிக்காது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மறக்கமாட்டேங்க" என்றாள்.

ஐந்து வீட்டிலும் மெகரைச் சுற்றிப் பார்த்தேன். முள் நான் விரும்பிய இடத்தில் நின்றது. அந்த வருஷம் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். அம்சம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தேன். இராஜாங்கம் குடையை விரித்தபடி பக்கத்தில் நின்றார்.

அளவுகளை எழுதி முடித்தால், கடைசியில் மூன்று கேள்வி இருக்கும். கட்டிடம் புதியதா, பழையதா? உரிமையாளர் யார்? குடியிருப்பவர் சொந்தத்தில் இருக்கிறாரா, வாடகையிலா? யாரும் இந்த மூன்றையும் ஒரு பொருட்டாக நினைக்கமாட்டார்கள். நான் நினைத்தேன். கேட்டுத்தான் எழுதவேண்டும் என்பது என் வழக்கம்.

சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையில் ஒட்டியது. புதியது என்று எழுதினேன்.

"யார் வீடும்மா இது?"

அம்சம் இராஜாங்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா வீடுங்க" என்றாள்.

"நீங்க வாடகைக்கு இருக்கீங்களா?"

அவளுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. "வருஷத்துக்கு ஒரு சேவலும், பொங்கலுக்குப் பரங்கிக்காயும் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சுடுவோங்க" என்றாள்.

"வாடகைன்னே போடுங்க வயர்மேன். எல்லாம் ஒண்ணுதான்" என்றார் இராஜாங்கம்.

போட்டேன். ஐந்து வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். ஐந்து தாளிலும் அதே மூன்று வரி. கீழே என் கையெழுத்து, லைசென்ஸ் நம்பர்.

வெளியூரில் பிறந்தவனுக்கு இது புரியாமல் போகலாம். எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகவேண்டும். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் பண்ணை மனுஷர்களுக்கு முன்னால் 'என்' என்ற சொல்லை எடுக்கமாட்டார்கள். அவர்கள் வளர்த்த ஆட்டை யாருடையது என்று கேட்டால் ஐயா ஆடு என்பார்கள். இடுப்பில் இருக்கிற குழந்தையைக் கேட்டால் ஐயா வீட்டுப் பிள்ளை என்பார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்; உள்ளே இருந்தது பயம். குடையும் கையுமாகக் காரியக்காரர் நிற்கிற இடத்தில், வைரக்கண்ணுவின் அப்பன் மண் குழைத்து எழுப்பிய சுவரைக் காட்டி, 'என் வீடு' என்று அம்சம் சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், காதில் விழுந்ததை அப்படியே எழுதினேன். எர்த்தைச் சோதிக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லைச் சோதிக்கத் தெரியவில்லை.

விளக்கு எரிந்த அன்று அம்சம் சுவிட்சை ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தாள். வைரக்கண்ணு, "பல்பு தேஞ்சுடப் போவுதுடி" என்று அதட்டினான். சைக்கிளில் பாபநாசம் திரும்புகிறவரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுவருஷம் ஆனி மாதம், ஒரு காலை நேரத்தில் அம்சம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட ரெத்தினம் வந்திருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை உள்ளே போய் வந்தவர். மேலக்காவனூர் ஐந்து வீடுகளுக்காகவும் அவர்தான் மனு எழுதிப் போட்டிருந்தார்.

"குடியிருப்புச் சட்டம் எழுபத்தொண்ணுல வந்துச்சுல்ல பஞ்சநதம், தெரியுமா?" என்றார் ரெத்தினம். "மிராசுதார் நெலத்துல குடிசை போட்டு இருக்கிற வெவசாயக் கூலிக்கு, அந்த மனை அவனுக்கே சொந்தம். சட்டம் வந்த அன்னைக்கு அங்க அவன் குடியிருந்திருக்கணும், அவ்வளவுதான். நாங்க எழுதிக் கொடுத்தோம். இப்ப நாகநாதன் என்ன சொல்றாரு தெரியுமா? அங்க குடிசையே இல்லியாம். எழுபத்திரண்டுல மில்லு ஆளுங்களுக்காக அவரே புதுசா ஓட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டாராம். ஓடு வாங்குன ரசீது வச்சிருக்காரு. லைட்டு கனெக்‌ஷன் அவரு பேர்ல இருக்கு. எல்லாத்துக்கும் மேல உங்க தாளு இருக்கு. புதுக் கட்டிடம், உரிமையாளர் நாகநாதன், வாடகை. அஞ்சு தாள்லயும் உங்க கையெழுத்து."

கூரைக்கு ஓடு வேண்டுமென்று நான் சண்டை போட்டது ஞாபகத்துக்கு வந்தது. அவர் ஏன் சிரித்தார் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். குரங்குக்குப் பூணூலும் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"ரேஷன் கார்டு இருக்குமே" என்றேன்.

"அதுலயும் பண்ணை விலாசந்தான். கர்ணம் அவரு ஆளு. எல்லாம் அவரு பேர்லதான் கெடக்கு. தாசில்தாரு அடுத்த வாரம் சாவடிக்கு வந்து விசாரிக்கிறாரு. உங்களையும் கூப்புடுவாங்க." ரெத்தினம் குரலைத் தணித்தார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பாக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு. ஊர்ல எல்லா வயர்மேனும் அப்படித்தானே போடுறான்? தாளு செல்லாததா ஆயிடும். மிஞ்சி மிஞ்சிப் போனா உங்க லைசென்ஸை ஆறு மாசம் நிறுத்தி வப்பாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "எல்லா வயர்மேனோடயும் என்னைச் சேக்காதீங்க! நான் குழி தோண்டி, உப்புப் போட்டு, சுத்திப் பாத்து எழுதுனது அது. அதைப் பாக்கலன்னு எந்த வாயால சொல்றது?"

ரெத்தினம் ஏதோ சொல்ல வந்தார். அம்சம் அவரைத் தடுத்தாள். "அவர வற்புறுத்தாதீங்க. பாத்தாருங்க. நாந்தான் கூட நின்னேனே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தாள்ல நான் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் அழிக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மங்களாம்பிகை வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். "செத்துப் போனவளுக்காக வச்ச நோன்பு இது. உசுரோட இருக்கிறவளுக்கு ஆகலேன்னா எதுக்குங்க அந்த நோன்பு?" என்றாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொல்கிறவள் மேல்தானே எரிந்து விழத் தோன்றும்.

விசாரணைக்குச் சைக்கிளில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். பொய் சொல்லிவிடுவது. பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அதை வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். குறுவை நாற்று பறித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாவடியில் கூட்டம். தாசில்தார் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாகநாதன் ஐயாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. ஐந்து வீட்டு ஆட்களும் வெளியே வேப்பமரத்தடியில். என் பெயரைக் கூப்பிட்டதும் தாளை நீட்டினார்கள். "உங்க கையெழுத்துதானா?" என்றார் தாசில்தார், தலையை நிமிர்த்தாமல்.

"ஆமாங்க."

"நேர்ல பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஐயாவின் வக்கீல் எழுந்தார். "சார், ஒரு விஷயம். இந்த வட்டாரத்துல வயர்மேன் எல்லாம் பாக்காமத்தான் கையெழுத்துப் போடுவாங்கன்னு எதிர்தரப்புல சொல்லலாம். உண்மைதான். ஆனா அப்படிப் போடாத ஒரே மனுஷன் இவர். மிஸ்டர் பஞ்சநதம் நேர்மையான ஆளுங்கறது எல்லாருக்கும் தெரியும். நம்ம ஐயாகிட்டயே, ஓடு போடாம சர்டிபிகேட் தரமாட்டேன்னு நின்னவர்."

தாசில்தார் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னை முழுசாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. சாவடி முழுக்க என்னைப் பார்த்தது. வழி நெடுக நான் பழகிக்கொண்டு வந்த வார்த்தை வெளியே வரவில்லை.

"நேர்ல பாத்துத்தான் எழுதினேன்" என்றேன். அந்தப் பதில் என் வாயில் இனித்தது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"யார் வீடுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஐயா வீடுன்னு சொன்னாங்க. ஆனா சார், அவங்க எல்லாத்தையுமே அப்படித்தான்..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க போதும். நீங்க போகலாம்."

நான் நகர்ந்து தூணோரம் நின்றேன். அடுத்து அம்சத்தைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளே வந்து, ஐயா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மூன்றடி தள்ளி நின்றாள். ரெத்தினம் ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார் போல. இரண்டு கையும் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன.

"யார் வீடு அது?" என்றார் தாசில்தார்.

அவள் தரையைப் பார்க்கவில்லை. நேராக மேஜையைப் பார்த்தாள். "என் வீடுங்க" என்றாள்.

மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அந்த ஊரில் அந்தத் தெருப் பெண் ஒருத்தி ஐயாவுக்கு முன்னால் அப்படிச் சொன்னதை யாரும் அதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். நாகநாதன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப வயர்மேன் கேக்கும்போது ஐயா வீடுன்னு ஏன் சொன்னே? சொன்னியா, இல்லியா?"

அம்சம் திரும்பி என்னைத் தேடினாள். தூணோரம் கண்டுபிடித்தாள். "சொன்னேங்க. அன்னைக்கு இவரு காரியக்காரரோட வந்தாரு. வேற எப்படிங்க சொல்றது?"

"சொன்னதா ஒத்துக்கறா" என்று தாசில்தார் பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விசாரணை. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன 'என்' தாளில் ஏறவில்லை. அவள் எப்போதோ சொன்ன 'ஐயா' என் கையெழுத்தில் ஏறி, முத்திரையும் வாங்கிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யார் சொன்னார்களோ! நான் எழுதிய சுரைக்காயை வைத்து ஐயா விருந்தே சமைத்துவிட்டார்.

உத்தரவு ஆவணியில் வந்தது. மனு தள்ளுபடி. மேலே அப்பீல் போகலாம் என்றார் ரெத்தினம். அப்பீல் போவதற்குள் மில்லில் வேலை கிடையாது, வயலில் வேலை கிடையாது என்று ஆயிற்று. ஐந்து குடும்பமும் எத்தனை நாள் தாங்கும்? ஐப்பசி மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த வீடுகள் மில்லுக்குக் கிடங்காகப் போகின்றன என்று கேள்விப்பட்டேன்.

ஐயா எனக்கு ஆள் அனுப்பினார். "கனெக்‌ஷனைப் பத்திரமாப் பிரிச்சுக் குடுக்கணுமாம். நீங்கன்னாத்தான் நம்பிக்கையாம்" என்றார் இராஜாங்கம். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறு எவனாவது வந்து வயரைப் பாதியில் அறுத்துவிட்டுப் போனால், சாமான் எடுக்க வருகிறவர்கள்மேல் படும். போனேன்.

சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நாலு சட்டி, ஒரு தகரப் பெட்டி, உரல். வைரக்கண்ணு உரலைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி போனான். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மெயினை இறக்கி, பியூஸைப் பிடுங்கி, வயர் நுனிகளை டேப் சுற்றி முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்தேன்.

அம்சம் எர்த் குழிக்குக் குடத்துத் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஊத்த வேணாம்மா. கரண்டைப் பிரிச்சாச்சு" என்றேன்.

"தெனம் ஊத்துனதுங்க. ஒரு நாள்கூட விடல" என்றாள். குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டாள். "நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெகர் பெட்டியைக் கட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஒன்றரை வருஷமாக அந்தக் குழி காயவில்லை. என் தொழிலில் அப்படி ஒரு எர்த்தை நான் பார்த்ததில்லை. யாருக்கும் ஒரு துளி மின்சாரம் படவில்லை. நான் கொடுத்த சான்று எழுத்துக்கு எழுத்து உண்மை. ஐந்து குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியதும் அதுதான்.

அவர்கள் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் கீற்றுப் போட்டுக்கொண்டார்கள். மழையில் கரை கரைந்து ஒரு குடிசை சரிந்ததாகச் சொன்னார்கள். வைரக்கண்ணு மூட்டை தூக்க நாகப்பட்டினம் போய்விட்டான்.

தை பிறந்ததும் நான் அங்கே போனேன். வெறும் கையோடு போகவில்லை. புது வயர் ஒரு சுருள், ஹோல்டர், பல்பு, எர்த்துக்குக் குழாய், உப்பு, கரி எல்லாம் என் செலவில் வாங்கிக் கேரியரில் கட்டியிருந்தேன். கீற்றுக் கூரைக்கு வயர் ஓட்டமாட்டேன் என்றவன், வெளியே ஒரு கம்பம் நட்டு அதில் விளக்கைத் தொங்கவிடலாம் என்று வழி கண்டுபிடித்திருந்தேன். யாரும் கேட்காமலே சொல்கிறேன், அதில் ஆபத்து எதுவும் இல்லை.

சாயங்காலம். அம்சம் வாய்க்காலில் இறங்கிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரையேறி வந்தவள் என்னையும் சைக்கிளையும் பார்த்தாள். கேரியரில் இருந்த குழாயை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"உங்களுக்கு லைட்டு போட்டுத் தரலாம்னு வந்தேன்" என்றேன். "ஒரு செலவும் இல்ல. தாளு எல்லாம் நானே எழுதி வாங்கித் தரேன்."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நான் எதிர்பார்த்து வந்த எதுவுமே இல்லை.

"வேணாங்க. லைட்டு வந்தா யாரு வீடுன்னு கேப்பீங்க. இங்க யாரும் கேக்கல" என்றாள்.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குனிந்து குடிசைக்குள் போனாள். நான் சைக்கிளைத் திருப்பினேன். வழி நெடுக உப்பு மூட்டை அவிழ்ந்து கொட்டிக்கொண்டே வந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.